மலை ஏறும்போது பாட்டு நிற்காமல் இருக்க என்ன செய்தீர்கள்?

அஸ்தம்பட்டி பஸ்காரன்

மூன்று வருடமாகச் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குத் தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். 30 கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் 20 கொண்டை ஊசி வளைவு. அடிவாரம் தாண்டி நாலைந்து வளைவு ஏறியதும் என் போனில் சிக்னல் போய்விடும். அதற்காகவே மாதச் சந்தா கட்டி, ஒரு செயலியில் 200 பாட்டு இறக்கி வைத்திருந்தேன். ஒரு மழைநாளில் லாரி ஒன்று வளைவில் மாட்டிக்கொண்டது. வண்டி ஒன்றரை மணி நேரம் நகரவில்லை. சரி, பாட்டாவது கேட்போம் என்று செயலியைத் திறந்தால், "இணையத்தில் ஒருமுறை இணையுங்கள், சந்தாவைச் சரிபார்க்க வேண்டும்" என்கிறது. எங்கே போய் இணைவது, எதிரே பாறை!

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. இந்தச் செயலிகளில் இறக்கும் பாட்டு பூட்டுப் போட்ட கோப்பு. அந்தச் செயலிக்குள் மட்டும்தான் பாடும். அதையும் சில வாரத்துக்கு ஒருமுறை இணையத்தில் காட்டி முத்திரை வாங்கவேண்டும், சந்தா நின்றால் பாட்டும் போச்சு. வாடகை வீட்டுக்குச் சொந்தக் காசில் வெள்ளையடித்த கதை.

அன்று இரவே பரணில் இருந்த அப்பாவின் கேசட் பெட்டியை இறக்கினேன். பாதிக்கு மேல் பூஞ்சை. ஒரு கேசட்டில் மட்டும் அப்பா கையெழுத்தில் "அக்கா, கும்மி, 1991 ஆடி" என்று இருந்தது. கோட்டை மாரியம்மன் பண்டிகைச் சமயத்தில், அம்மாப்பேட்டைத் தறிவீட்டில் வைத்து என் அத்தை பாடியதைப் பதிந்திருக்கிறார். இதை எந்தச் செயலியில் தேடினாலும் கிடைக்காது.

கேசட் ஓடியது, சத்தம் வரவில்லை. கேசட்டுக்குள், நாடாவை டேப் ரெக்கார்டரின் படிக்கும் தலைப்பகுதியோடு அழுத்திப் பிடிக்க ஒரு துண்டு கம்பளித் துணி ஒட்டியிருப்பார்கள். பசை காய்ந்து அது விழுந்துவிட்டது. உதவாத கேசட் ஒன்றின் ஐந்து குட்டி ஸ்க்ரூவைக் கழற்றி, அதன் கூட்டுக்குள் அத்தையின் இரண்டு சுருளையும் மாற்றி வைத்தேன். மூச்சு விடவே பயம். (தறிக்காரன் வீட்டில் நாடா என்றால் தறியில் நூலோடு குறுக்கே ஓடுகிற நாடாதான். அதில் நூல் அறுந்தால் கவலையில்லை, இது அறுந்தால் அத்தையே போச்சு.)

டேப் ரெக்கார்டரின் இயர்போன் துளையிலிருந்து கம்ப்யூட்டரின் மைக் துளைக்கு ஒரு வயர். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பதிவு. முதல் தடவை வால்யூமைக் கூட்டி வைத்துவிட்டேன், குரல் கரகரவென்று உடைந்துவிட்டது. அப்படி உடைந்ததைப் பிறகு சரிசெய்ய முடியாது, மறுபடியும் முதலிலிருந்துதான். 60 நிமிடக் கேசட்டைப் பதிய 60 நிமிடம் உட்கார்ந்தே ஆகவேண்டும். ஒரு பக்கத்தை அப்படியே சேமித்தால் 300 எம்பி, 128 கேபிபிஎஸ் தரத்தில் எம்பி3 ஆகச் சுருக்கினால் 30 எம்பிக்குள் அடங்கிவிடுகிறது. இந்தக் குரலுக்கு அது தாராளம்.

போனில் ஏற்றும்போது இன்னொரு கூத்து. கேபிளைச் சொருகினால் சார்ஜ் ஏறுகிறது, கம்ப்யூட்டரில் போன் தெரியவே இல்லை. வழக்கமாக, மேலிருந்து இழுத்தால் வரும் யுஎஸ்பி அறிவிப்பில் "ஃபைல் டிரான்ஸ்ஃபர்" என்பதைத் தொடவேண்டும். எனக்கு அந்த அறிவிப்பே வரவில்லை. பிளாட்ஃபாரத்தில் வாங்கிய கேபிள், உள்ளே சார்ஜுக்கான கம்பி மட்டும்தான். ஆபீஸ் கேபிளைக் கொண்டுவந்து சொருகியதும் இரண்டு நிமிட வேலை. மியூசிக் ஃபோல்டரில் போட்டேன், அவ்வளவுதான்.

முதலில் "அன்னோன் ஆர்ட்டிஸ்ட்" என்று காட்டியது. மனசு கேட்கவில்லை. அந்த இடத்தில் "அத்தை" என்று எழுதினேன். தமிழில் பெயர் போட்டவர்கள் வரிசையில் அகரமாய்ப் போய் முதலில் உட்கார்ந்துவிட்டார். இப்போது ஏழாவது வளைவில் கும்மி ஆரம்பித்தால், பின்னால் தறிச் சத்தமும் சேர்ந்து வருகிறது. உங்கள் கதைகளையும் சொல்லுங்கள்.

மஞ்சக்குட்டை மிளகு

அண்ணா, எங்களுக்கு மெமரி கார்டுதான் எல்லாம். ஆனால் பார்த்து வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று 128 ஜிபி கார்டு ஒன்று வாங்கினேன். பாட்டெல்லாம் ஒழுங்காக ஏறியது. பட்டியலில் பெயரும் தெரிந்தது. ஆனால் பாதிக்கு மேல் பாடவே இல்லை. உள்ளே இருந்தது வெறும் 8 ஜிபி, வெளியே பொய் சொல்லும்படி செய்து வைத்திருக்கிறார்கள். எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்று ஒரு சின்ன மென்பொருள் இருக்கிறது. கார்டு முழுக்க எழுதிப் பார்த்து, திருப்பிப் படித்து, குட்டை உடைத்துவிடும். புதுக் கார்டு வாங்கினால் எனக்கு முதல் வேலை அதுதான்.

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழை வந்தபோது மலைப்பாதையில் மண் சரிந்தது நினைவிருக்கும். எங்கள் பக்கம் கரண்டும் இல்லை, டவரும் இல்லை. பவர் பேங்கும் இந்தக் கார்டும்தான் துணை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு என் உயிரை எடுத்தது தனிக் கதை.

ஐந்து ரோடு அக்கா

என்னுடையது ஐபோன். அதில் இந்த மாதிரி ஃபோல்டரில் இழுத்துப் போடுகிற வேலை நடக்காது தம்பி. பையனுடைய கம்ப்யூட்டரில் இணைத்து ஒத்திசைக்கப் பார்த்தேன். "இந்தப் போனில் உள்ள பாட்டையெல்லாம் அழித்துவிட்டு இங்கே உள்ளதை ஏற்றவா" என்று அது தெளிவாகத்தான் கேட்டது. நான்தான் படிக்காமல் சரி என்று தட்டிவிட்டேன். நடைப்பயிற்சிக்கு வைத்திருந்த பாட்டு மொத்தமும் காலி. அதற்குப் பதில் பையனின் கிதார் இரைச்சல் 40.

இப்போது போனில் விஎல்சி என்ற பிளேயர் செயலியைப் போட்டிருக்கிறேன். அதில் வைஃபை வழியாகப் பகிரும் வசதியைத் திறந்தால் ஒரு முகவரி காட்டும். அதைக் கம்ப்யூட்டர் பிரௌசரில் அடித்து, வரும் பக்கத்தில் பாட்டைப் போட்டால் போனுக்கு வந்துவிடும். இரண்டும் ஒரே வைஃபையில் இருக்கவேண்டும். கேபிளும் வேண்டாம், அழிக்கவா என்ற கேள்வியும் இல்லை.

குகை ராத்திரி ஷிப்ட்

ஃபைல் மேனேஜரில் பாட்டு இருக்கும், பிளேயரில் தெரியாது. இப்படி யாருக்காவது நடந்தால் அந்த ஃபோல்டரில் புள்ளி நோமீடியா (.nomedia) என்று ஒரு வெற்றுக் கோப்பு மறைந்திருக்கிறதா பாருங்கள். இந்த ஃபோல்டரைப் பட்டியலில் சேர்க்காதே என்று பிளேயருக்குச் சொல்வது அதுதான். மறைந்த கோப்புகளையும் காட்டும்படி மாற்றினால்தான் கண்ணில் படும். அழித்தால் சரியாகும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

அஸ்தம்பட்டி பஸ்காரன்

எல்லோருக்கும் நன்றி. அந்த நோமீடியா எனக்கும் உதவியது. சொந்தக்காரர்கள் கேட்டதால் கும்மியை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஆடியோவாகப் போனதெல்லாம் பெயர் மாறி, வெறும் தேதியும் எண்ணுமாகப் போய் நின்றது. டாக்குமெண்ட்டாக அனுப்பினால் நாம் வைத்த பெயர் அப்படியே போகிறது.

நேற்று அம்மாப்பேட்டைக்குப் போய் அத்தைக்கே போட்டுக் காட்டினேன். முதல் பக்கம் முழுக்கத் தலையாட்டிக் கேட்டார். இரண்டாவது பக்கம் ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். "இது நான் இல்ல கண்ணு, எதுத்த வீட்டு அக்கா பாடுனது. நடுவுல இருமுறது மட்டும்தான் நான்."

இன்று பஸ்ஸில் உட்கார்ந்து பெயரை மாற்றிக்கொண்டிருக்கிறேன்.