புதுப்பிப்பு: பேராசிரியர் வில்லியம் கல்லனின் கடிதங்கள் கிடைத்துவிட்டன

எடின்பரோ மருத்துவப் பேராசிரியர் வில்லியம் கல்லன் (1710–1790) நோயாளிகளுக்கு எழுதிய கடிதங்கள் எங்கே என்று கேட்டிருந்தேன். உதவிய எல்லோருக்கும் நன்றி.

பல்கலைக்கழக நூலகத்தை விட்டுவிட்டு எடின்பரோ ராயல் மருத்துவர் கல்லூரியில் தேடச் சொன்ன யோசனைதான் பலித்தது. ஆயிரக்கணக்கான கடிதங்கள், படங்களும் எழுத்துப்பெயர்ப்புமாக (கையெழுத்தைப் படித்துத் தட்டச்சு செய்த வடிவம்) இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. பல நோயாளிகளை அவர் நேரில் பார்த்ததே இல்லை, எல்லாம் தபால் வழி வைத்தியம்!

எதிர்பாராதது ஒன்று. அனுப்பிய பதில்களுக்கு அவர் நகல் வைத்துக்கொண்டார்; 1781 முதல் அந்த நகல்கள் கையால் எழுதியவை அல்ல. ஜேம்ஸ் வாட்டின் நகலெடுக்கும் கருவியில் எடுத்தவை. ஈரமான மெல்லிய தாளை மை காயுமுன் கடிதத்தின்மேல் அழுத்துவார்கள். எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிப் பதியும், மறுபக்கத்திலிருந்து படிக்க வேண்டும். மை வெளிறிய பக்கங்களில் எழுத்துப்பெயர்ப்பையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.