ரிடார்டர், இன்ஹிபிட்டர் ரெண்டும் ஒண்ணுதானா?

மண்டபம்வாசி:
மண்டபத்துல வீடு கட்டிட்டு இருக்கோம், மேல்தளத்துக்கு ராம்நாட்டுல இருந்து ரெடிமிக்ஸ் லாரி வருது. கொட்டேஷன்ல ரிடார்டர்னு ஒரு வரி, இன்ஹிபிட்டர்னு ஒரு வரி, டிக்‌ஷனரில பாத்தா ரெண்டுமே ஏதோ மெதுவாக்குற பொருள்னுதான் வருது. ஒரே சாமானுக்கு ரெண்டு காசா? கொத்தனார் வேற அதெல்லாம் எதுக்கு, கொஞ்சம் கருப்பட்டித் தண்ணி ஊத்திக்கலாம்ங்கிறார்.

சைட்_சிவில்:
ரெண்டும் வேற வேற தம்பி. ரிடார்டர் சிமெண்ட் இறுகுறத தள்ளிப்போடும், இன்ஹிபிட்டர் கம்பி துருப்பிடிக்கிறத தள்ளிப்போடும். சிமெண்ட்ல தண்ணி பட்டதும் முதல்ல வேகமா வேல பாக்குறது ட்ரைகால்சியம் அலுமினேட், அத அடக்கத்தான் ஃபேக்டரிலயே ஜிப்சம் சேத்து அரைக்கிறாங்க, அதனால ஒவ்வொரு மூட்டையிலயும் ஏற்கனவே ஒரு ரிடார்டர் இருக்குன்னே வச்சுக்கலாம். நம்ம ஊரு வெயில்ல லாரி ஓடி வரணும், இறக்கணும், பம்ப் பண்ணணும், அதுக்கு அது பத்தாது, அதான் குளுக்கோனேட் மாதிரி ஒண்ணு தனியா சேக்குறாங்க.

இன்ஹிபிட்டர் பெரும்பாலும் கால்சியம் நைட்ரைட். உப்புல இருக்கிற குளோரைடு கம்பி மேல உள்ள மெல்லிசான காப்புப் படலத்த அரிக்கும், நைட்ரைட் அத திரும்ப உண்டாக்கும். ஆனா ஒண்ணு, கால்சியம் நைட்ரைட் சிமெண்ட்ட சீக்கிரமா இறுக வச்சிடும், அத சமாளிக்கவும் ரிடார்டர் வேணும். உங்க கொட்டேஷன்ல நைட்ரைட்தான்னா ரெண்டு வரியும் நியாயம்தான், எதுக்கும் பொருளோட பேரு, டோஸ் என்னன்னு எழுதி வாங்கிக்கோங்க.

கீழக்கரை_கட்டடம்:
கருப்பட்டிய மட்டும் ஊத்த விட்ராதீங்க தம்பி, கெஞ்சிக் கேக்குறேன். சுண்ணாம்புக் காரைக்கு கடுக்காயும் கருப்பட்டியும் நல்ல சாமான், சிமெண்ட்டுக்கு ஆகவே ஆகாது. 50 கிலோ மூட்டைக்கு 25 கிராம் சீனி விழுந்தாலே இறுக மணிக்கணக்கா லேட் ஆகும், 100 கிராம் போச்சுன்னா இறுகுமாங்கிறதே சந்தேகம். கருப்பட்டியும் இனிப்புதானே, அதுல எவ்வளவு சர்க்கரைன்னு சைட்ல எவன் அளக்கப் போறான்.

உப்புக்காத்து:
இன்ஹிபிட்டர் போட்டாச்சுன்னு கவர் பிளாக்க, அதான் கம்பிக்கும் பலகைக்கும் நடுவுல இடைவெளிக்கு வைக்கிற கட்டைய, குறைச்சிடாதீங்க. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456 படி கடலோரத்துல வெளிக்காத்து படுற இடத்துக்கு குறைஞ்சது எம்30 தர கான்கிரீட், கம்பிக்கு மேல 45 மிமீ கான்கிரீட் கவர். 20 மிமீ பிளாக்க வச்சுட்டு எந்த கெமிக்கல ஊத்தினாலும் பிரயோஜனம் இல்ல. இந்த உப்புக்காத்துல துரு எப்படி பிடிக்குதுன்னு பாக்கத்தான் காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வகம்) மண்டபத்துலயே ஒரு நிலையம் வச்சிருந்தாங்க.

மண்டபம்வாசி:
ரொம்ப நன்றிண்ணே. ரிடார்டர் போட்டா முட்டுப் பலகைய பிரிக்கவும் லேட் ஆகுமா?

சைட்_சிவில்:
அளவா போட்டா சில மணி நேரம்தான் லேட் ஆகும், மத்தபடி எப்பவும் போலதான். அதுவரைக்கும் தளம் காயாம மூடி வைங்க, மேல் பரப்பு வெடிச்சிடும். மறுநாள்ல இருந்து தண்ணி கட்டுங்க, போர் தண்ணி உப்பா இருந்தா வேணாம், லாரித் தண்ணி வாங்கிக்கோங்க.