அதிகாலை நான்கு மணிக்கு மட்டும் பில் சேமிக்க முடியாமல் நிற்கும் மைஎஸ்கியூஎல் சர்வர்: காரணம் என்னவாக இருக்கும்?

தோவாளைக் கணக்கர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தோவாளைப் பூச்சந்தையில் உள்ள ஒரு கமிஷன் கடையின் கணக்கு மென்பொருளை நான் பராமரித்து வருகிறேன். கடையிலேயே வைத்திருக்கும் ஓர் உபுண்டு சர்வரில் மைஎஸ்கியூஎல் 8.0 என்ற தரவுத்தள மென்பொருள் ஓடுகிறது. நினைவகம் 16 ஜிபி, வட்டு எஸ்எஸ்டி. தராசுகளின் அருகே நான்கு விண்டோஸ் கணினிகள் இருக்கின்றன. ஒவ்வொரு எடைக்கும் பூ கொண்டுவந்த விவசாயியின் பெயரில் வரவும், எடுத்துச் செல்லும் வியாபாரியின் பெயரில் பற்றும் அவற்றிலிருந்து பதிவாகின்றன. தரவு இருக்கும் டேபிள்கள் அனைத்தும் இன்னோடிபி என்ற சேமிப்பு வகை. எடைகள் பதிவாகும் டேபிளில் ஏறத்தாழ 60 லட்சம் வரிகள் சேர்ந்துவிட்டன.

நாள்தோறும் அதிகாலை நான்கு மணியளவில், சேமிக்கும் பொத்தானை அழுத்தினால் திரை அப்படியே நின்றுவிடுகிறது. பழைய பில்லைத் திறந்து பார்க்க முடிகிறது, விலைப் பட்டியலும் வருகிறது, ஆனால் புதிய பில் ஒன்றுகூட ஏறுவதில்லை. பிழைச் செய்தி எதுவும் வருவதில்லை. இருபது நிமிடங்களுக்கு மேல் இப்படி நின்றுவிட்டு, பிறகு தேங்கியிருந்த அத்தனை பில்களும் ஒரே மூச்சில் ஏறிவிடுகின்றன. முன்பு இந்தத் தேக்கம் இரண்டு மூன்று நிமிடங்களே இருந்ததால், பையன்கள் அந்நேரத்தில் கடுங்காப்பி குடித்துவிட்டு வந்துவிடுவார்கள். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது ஓணத்துக்கான வண்டிகள் வாசலில் நிற்கும்போது பிச்சியும் கேந்தியும் பில் இல்லாமல் தரையில் குவிந்து கிடப்பதைப் பார்த்து அண்ணாச்சி என்னைத் தூங்கவிடுவதில்லை.

மந்தமான குவெரிகளை, அதாவது தரவுத்தளத்துக்குப் போகும் கட்டளைகளைப் பதியும் ஸ்லோ குவெரி லாக்கை இயக்கி, அதன் வரம்பை இயல்பான 10 நொடியிலிருந்து 2 நொடியாகக் குறைத்தும் பார்த்தேன். காலையில் நின்றுபோன பில்களைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. மாலையில் விவசாயிகளுக்குப் பற்று வரவுச் சீட்டு எடுக்கும் குவெரி அதில் தவறாமல் பதிவாகிறது; விவசாயி எண்ணை விரைவாகத் தேடித்தரும் இண்டெக்ஸ் இருந்தும் ஒரு சீட்டுக்கு 40 நொடி ஆகிறது. நினைவகத்தைக் கூட்டினால் இரண்டும் சரியாகும் என்று கணினி விற்றவர் சொல்கிறார். செலவு செய்வதற்கு முன் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

வடசேரிவாசி எழுதியது:

நீங்கள் அமைப்புக் கோப்பை எதுவும் மாற்றவில்லை என்றால், தரவை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் இன்னோடிபி பஃபர் பூல் இன்னும் 128 எம்பி அளவிலேயே இருக்கும். 16 ஜிபி உள்ள கணினியில் அதை அப்படியே விட்டுவைப்பது, பெரிய களஞ்சியத்தைப் பூட்டிவைத்துவிட்டுத் திண்ணையில் நெல் குவிப்பது போன்றது. அதை 8 ஜிபியாக உயர்த்துங்கள், 8.0 பதிப்பில் சர்வரை நிறுத்தாமலே இதைச் செய்யலாம். கூடவே, இன்னோடிபி ஃபிளஷ் லாக் அட் டிரான்சாக்‌ஷன் கமிட் என்ற அமைப்பை 1-இலிருந்து 2-ஆகவும், மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ் எண்ணிக்கையை 500-ஆகவும் மாற்றினால், சேமிக்கும் வேகம் கண்கூடாகத் தெரியும்.

மார்த்தாண்டம் ரப்பர்கடை எழுதியது:

பஃபர் பூல் பற்றி வடசேரி நண்பர் சொன்னது சரியே. அதை இன்றைக்கே செய்துவிடுங்கள். மற்ற இரண்டையும் தொடவேண்டாம் என்பது என் கருத்து. நான்கு கணினிகள் இருக்கும் கடைக்கு இயல்பான 151 இணைப்புகளே மிகுதி. ஃபிளஷ் அமைப்பை 2-ஆக மாற்றினால், மின்சாரம் பட்டென்று போகும்போது கடைசி ஒரு நொடி அளவில் சேமித்த பில்கள் வட்டில் இல்லாமல் போகலாம். ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றில் மின்கம்பி ஆடும் ஊரில், அதுவும் விவசாயியின் பணம் சம்பந்தப்பட்ட கணக்கில், அந்த ஒரு நொடியை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

காலைத் தேக்கத்துக்கு வருகிறேன். நினைவகம் போதாமல் மெதுவாகும் சர்வர் எல்லாவற்றையும் மெதுவாக்கும். உங்கள் சர்வரிலோ வாசிப்பு வழக்கம்போல் நடக்கிறது, எழுதுவது மட்டும் முழுமையாக நிற்கிறது. ஆகவே டேபிளை யாரோ வாசிப்புக்காகப் பூட்டிவைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். எந்த வகைப் பூட்டு என்பதற்கும் உங்கள் கேள்வியிலேயே தடயம் இருக்கிறது. ஒரு வரியின் மேல் விழும் பூட்டாக இருந்தால், இயல்பான அமைப்பில் 50 நொடி காத்திருந்தபின் 1205 என்ற எண்ணுடன் பிழைச் செய்தி வந்திருக்க வேண்டும். டேபிளின் மேல் விழும் மெட்டாடேட்டா பூட்டுக்குக் காத்திருப்பு வரம்பு வேறு. அதன் இயல்பான மதிப்பு 3,15,36,000 நொடி, அதாவது முழுதாக ஓர் ஆண்டு. உங்கள் பில்கள் இருபது நிமிடம் சத்தமில்லாமல் காத்திருந்ததற்கு இதுவே விளக்கமாக இருக்கும். ஸ்லோ குவெரி லாக்கில் அந்தப் பில்கள் இல்லாததும் இதனோடு பொருந்துகிறது. ஒரு குவெரி தொடங்கும்போது பூட்டுக்காகக் காத்திருக்கும் நேரத்தை அந்தப் பதிவேடு அதன் செயல்நேரமாக எண்ணுவதில்லை.

இனி, யார் பூட்டுகிறார்கள் என்பதைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். நாளை நான்கு மணிக்குத் திரை நின்றவுடன் ஓடிக்கொண்டிருக்கும் கட்டளைகளைப் பட்டியலிடும் ஷோ ஃபுல் பிராசஸ்லிஸ்ட் என்ற கட்டளையைக் கொடுங்கள். புதிய பில்லை ஏற்றும் உங்கள் இன்செர்ட்டுகளின் நிலைப் பத்தியில் 'வெயிட்டிங் ஃபார் டேபிள் மெட்டாடேட்டா லாக்' என்று இருக்கிறதா, அதே பட்டியலில் செலக்ட் என்ற வேறொரு வாசிப்புக் கட்டளை ஏதேனும் ஒரு டேபிளை முழுவதுமாக வாசித்துக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். அந்த செலக்ட்டின் நடுவில் எஸ்கியூஎல் நோ கேச் என்ற சொற்கள் இருந்தால் அது மைஎஸ்கியூஎல்டம்ப், அதாவது உங்கள் சொந்த பேக்கப். எத்தனை மணிக்கு பேக்கப் ஓடும்படி, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானில் எழுதியிருக்கிறீர்கள்?

தோவாளைக் கணக்கர் எழுதியது:

பேக்கப் இரவு பத்தரை மணிக்கு ஓடுகிறது, ஐயா. கடை அடைத்திருக்கும் நேரம் என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன். அதிகாலை நான்குக்கும் அதற்கும் தொடர்பு இருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

குளச்சல் கரைக்காரன் எழுதியது:

இடையில் நுழைவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த சர்வரில் டேட் என்று மட்டும் தட்டி, என்ன மணி காட்டுகிறது என்று பாருங்கள். உபுண்டு சர்வரை நிறுவும்போது நேர மண்டலத்தை நாமாக மாற்றாவிட்டால் அது யுடிசி என்ற உலகப் பொது நேரத்திலேயே இருக்கும். யுடிசி இரவு 10:30 என்பது நமக்கு அதிகாலை 4:00.

தோவாளைக் கணக்கர் எழுதியது:

காலை ஐந்து மணிக்கு இதை எழுதுகிறேன். சர்வர் யுடிசியில்தான் இருக்கிறது. பில்லின் நேரத்தை விண்டோஸ் கணினிகளே நிரப்பி அனுப்புவதால், இத்தனை ஆண்டுகளாக அச்சடித்த எந்தச் சீட்டிலும் இது தெரியவில்லை. நான்கு மணிக்குப் பிராசஸ்லிஸ்டில் பதினோரு இன்செர்ட்டுகள் நீங்கள் சொன்ன அதே சொற்களுடன் வரிசையில் நின்றன. அவற்றுக்கு மேலே எடை டேபிளை வாசித்துக்கொண்டிருந்தது மைஎஸ்கியூஎல்டம்ப். வரிகள் பெருகப் பெருக பேக்கப் நீண்டதும், கடுங்காப்பி நேரம் அதனோடு சேர்ந்து நீண்டதும் இப்போதுதான் விளங்குகிறது. நேர மண்டலத்தை மாற்றிவிட்டால் போதுமா?

மார்த்தாண்டம் ரப்பர்கடை எழுதியது:

நேரத்தை மட்டும் மாற்றினால் பூட்டு அப்படியே இருக்கும். அது பத்தரை மணிக்கு இடம்பெயரும், அவ்வளவே. மைஎஸ்கியூஎல்டம்ப் தன் இயல்பான அமைப்பில் தரவுத்தளத்தின் எல்லா டேபிள்களையும் வாசிப்புப் பூட்டால் பூட்டிவிட்டுத்தான் நகலெடுக்கத் தொடங்கும். அந்தக் கட்டளையில் சிங்கிள் டிரான்சாக்‌ஷன் என்ற தெரிவைச் சேருங்கள். அப்போது அது பூட்டுவதை விட்டுவிட்டு, தொடங்கிய கணத்தில் தரவு எப்படி இருந்ததோ அந்த நிலையை ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் வாசித்து முடிக்கும். அந்நேரத்தில் புதிய பில்கள் தடையின்றி ஏறும். உங்கள் டேபிள்கள் அனைத்தும் இன்னோடிபி என்பதால் இது பொருந்துகிறது. எங்கேனும் மைஐசாம் என்ற பழைய சேமிப்பு வகை டேபிள் ஒன்று ஒளிந்திருந்தால், அதன் நகல் மற்றவற்றோடு ஒத்துப்போகும் என்ற உறுதி கிடையாது. பேக்கப் ஓடும்போது டேபிளின் அமைப்பை மாற்றும் ஆல்டர் டேபிள் கட்டளையை யாரும் கொடுக்காமல் பார்த்துக்கொள்வதும் அவசியம்.

பற்று வரவுச் சீட்டின் கதை வேறு என்று தோன்றுகிறது. விவசாயி எண்ணை எந்த வகையில் வைத்திருக்கிறீர்கள்? 0147 என்பது போல முன்னால் சுழியம் இருந்தால் அது எழுத்து வகைப் பத்தியாகத்தான் இருக்கும். மென்பொருள் அதை மேற்கோள் குறியில்லாமல் 147 என்ற எண்ணாக அனுப்பினால், இண்டெக்ஸ் இருந்தும் பயனில்லை. '147', '0147', '147அ' ஆகிய மூன்று எழுத்துத் தொடர்களும் எண்ணாக மாற்றும்போது 147-ஆகவே மாறுவதால், மைஎஸ்கியூஎல் ஒவ்வொரு வரியையும் எடுத்து மாற்றிப் பார்த்துத்தான் ஒப்பிட முடியும். குவெரி எப்படி ஓடும் என்று காட்டும் எக்ஸ்பிளெய்ன் கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள்; பாசிபிள் கீஸ் பத்தியில் இண்டெக்ஸின் பெயர் இருந்து, கீ பத்தி நல், அதாவது வெறுமை, என்று இருந்தால் ஐயமே வேண்டாம்.

குளச்சல் கரைக்காரன் எழுதியது:

நேர மண்டலத்தை மாற்றுவதாக இருந்தால், அதற்குப் பிறகு கிரானையும் மைஎஸ்கியூஎல்லையும் ஒருமுறை நிறுத்தித் தொடங்குங்கள். இரண்டுமே தொடங்கும்போது அறிந்த மண்டலத்தைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். சர்வரே நேரத்தை நிரப்பும் டேட்டைம் பத்திகள் ஏதேனும் இருந்தால், அவற்றில் பழைய வரிகள் யுடிசியிலும் புதிய வரிகள் நம் நேரத்திலும் கலந்துபோகும். டைம்ஸ்டாம்ப் வகைப் பத்திகளுக்கு அந்தச் சிக்கல் இல்லை. எங்கள் மீன் ஏலக் கணக்கில் இந்தக் கலப்படத்தைப் பிரிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. ஆகவே நானாக இருந்தால் சர்வரை யுடிசியிலேயே விட்டுவிட்டு, கிரானில் உள்ள மணியை மட்டும் மாற்றுவேன்.

தோவாளைக் கணக்கர் எழுதியது:

மூவருக்கும் நன்றி. குளச்சல் நண்பர் சொன்னபடி மண்டலத்தைத் தொடாமல், கடையில் ஆள் நடமாட்டம் இல்லாத பிற்பகல் இரண்டரை மணிக்கு ஓடும்படி கிரானில் 9:00 என்று எழுதி, சிங்கிள் டிரான்சாக்‌ஷனையும் சேர்த்துவிட்டேன். சோதனைக்காக இன்று அதிகாலை நான்கு மணிக்கே பேக்கப்பைக் கையால் ஓட்டிப் பார்த்தேன். அது முடிய வழக்கம்போல் இருபது நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது, ஆனால் ஒரு பில்கூட நிற்கவில்லை. விவசாயி எண்ணை எழுத்தாக அனுப்பும்படி மென்பொருளைத் திருத்தியபின் பற்று வரவுச் சீட்டு ஒரு நொடிக்குள் வந்துவிடுகிறது. பஃபர் பூலை 8 ஜிபியாக்கிவிட்டேன். புதிய நினைவகம் வாங்கவில்லை. எஞ்சியிருப்பது ஒன்றுதான்: மேற்கோள் குறியில்லாமல் இத்தனை நாள் எடுத்த சீட்டுகளில் '147' என்ற பழைய எண்காரரின் வரிகள் '0147' என்பவரின் கணக்கில் சேர்ந்திருக்கின்றனவா என்று இன்று மாலை அண்ணாச்சியோடு உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும்.