மறு: ஈரல் நோட்டீஸுக்குச் சொல் வேணும், சிதைவா பிறழ்வா கோளாறா?

வணக்கம். ஞாயித்துக்கிழமை காசிமேட்டுல ஈரல் முகாம், நோட்டீஸ் நாளைக்கு ராயபுரம் பிரஸ்ஸுக்குப் போயாகணும். குடியால ஈரல் கெட்டு அமினோ அமில வளர்சிதை மாற்றம் குலையறதுக்கு 'அமினோ சிதைவு'ன்னு போட்டிருக்கேன், சரியா?
– காசிமேடு

> அமினோ சிதைவு

வேணாம் தம்பி. வளர்சிதைல இருக்கற 'சிதை' உடம்பு ஒழுங்கா செய்யற வேலை, நோய் இல்ல. அதுவுமில்லாம இங்க எல்லாமே சிதையல. ஈரல் யூரியாவாக்காம விட்ட அம்மோனியாவ தசை வாங்கிக்குது, அதுக்கு லியூசின், ஐசோலியூசின், வாலின்ங்கற அமினோ அமிலம் மூணும் செலவாகி ரத்தத்துல குறையுது. ஃபினைல்அலனின், டைரோசின உடைக்க வேண்டிய ஈரலே படுத்துட்டதால அது ரெண்டும் ஏறுது. அந்த மூணுக்கும் இந்த ரெண்டுக்கும் நல்ல உடம்புல 3-க்கு மேல இருக்கற விகிதம், ஈரல் சுருங்கி முத்தினவங்களுக்கு 1 பக்கம் வந்துடும். மெத்தியோனின்ங்கற இன்னொரு அமினோ அமிலம் தனிக் கதை, குடி அத அடுத்த படிக்கு ஏறவிடாது, அதனால குளூட்டாதயோன் வத்தி ஈரல் செல்லுக்குக் காவலே இல்லாமப் போகுது. 'மிகினும் குறையினும் நோய்செய்யும்'னு வள்ளுவர் வளி முதலான மூணுக்குச் சொன்னது இதுக்கும் அப்படியே பொருந்துது. ஆகவே 'பிறழ்வு'. சங்கப்பாட்டுல கயல் பிறழும், மீன்காரங்க ஊருக்கு இதவிட என்ன வேணும்?
– பெரம்பூர்

ஐயா, எங்க கடல்ல மீன் துள்ளும், பிறழாது. 'தடுமாற்றம்'னு போட்டா எல்லாருக்கும் புரியும்.
– திருவொற்றியூர்

அமிலமே வடசொல்லாச்சே, 'புளிமம்'னு ஏன் மாத்தல? முதல்ல அத முடிப்போம். யாழ்ப்பாணத்து நண்பர் வளர்சிதை மாற்றத்த 'அனுசேபம்'னு எழுதுறாரு, அதுவும் எனக்கு ஒப்பல.
– வியாசர்பாடி

புளிமம்னா எங்க வார்டுல புளிக்கொழம்பானு கேப்பாங்கண்ணா, இன்னொரு நாள் பேசலாம். தம்பி, 'தடுமாற்றம்' மட்டும் தயவுசெஞ்சு போடாதீங்க. நான் நர்ஸ், கண்ணால பாக்கறேன். அம்மோனியா மூளைய பாதிச்சு ஆளு ஒளறுவாரு, பகல்ல தூங்கி ராத்திரி முழிச்சிக்கினு இருப்பாரு, நீட்டின கை படபடன்னு ஆடும், வீட்டுல 'திரும்பக் குடிச்சிட்டு தடுமாறுறான்'னு விட்டுடுவாங்க, ரெண்டு நாள் கழிச்சு நினைவில்லாம தூக்கினு வருவாங்க. 'கோளாறு'ன்னா ஆயாவுக்கும் புரியும், உடனே கூட்டினு வரத் தோணும்.
– தண்டையார்பேட்டை

'அமினோ அமிலக் கோளாறு'ன்னே அனுப்பிட்டேன். அக்கா சொன்ன அறிகுறிய மேலயே கொட்ட எழுத்துல போடச் சொல்லிருக்கேன்.
– காசிமேடு

அறிகுறி மேல வந்தது ரொம்ப நல்லது தம்பி. ஆனா சைக்கிள் செயினுக்கும் கோளாறு, ஈரலுக்கும் கோளாறா? ஒண்ணு ஏறி ஒண்ணு எறங்குற சங்கதி அதுல வரல. என் ஓட்டு பிறழ்வுக்குத்தான்.
– பெரம்பூர்