தோட்டத்துப் பிள்ளைகளிடம் போதைப்பொருளைப் பற்றி எப்படிப் பேசுவது?

கேள்வி: வாசிகசாலைப் பொறுப்பாளர், ஹட்டன்

அனைவருக்கும் வணக்கம். ஹட்டனுக்கு அண்மையிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் வாலிபர் சங்கத்தின் வாசிகசாலையைப் பொறுப்பேற்று நடத்தி வருகிறேன். ஜூன் 26ஆம் திகதி சர்வதேச போதைப்பொருள் எதிர்ப்பு தினத்தை முன்னிட்டு எங்கள் டிவிசனில் உள்ள பிள்ளைகளுக்காக ஒரு நிகழ்ச்சி நடத்துவதென்று சங்கத்தில் தீர்மானித்திருக்கிறோம். பாடசாலையிலிருந்து கோயில் வரை ஊர்வலம், பொலிஸ் அதிகாரி ஒருவரின் உரை, முடிவில் உறுதிமொழி என்று மூத்தவர்கள் நிரலைத் தயாரித்துவிட்டார்கள். மண்டையோடு வரைந்து, "போதையில் மூழ்கும் மலையக இளைஞர் சமுதாயமே விழித்தெழு" என்று எழுதிய பதாகையும் தயாராகிவிட்டது.

எனக்கு இதில் மனம் ஒப்பவில்லை. கடந்த வருடங்களிலும் இதையேதான் செய்தோம். ஊர்வலத்தில் கொடி பிடித்துச் சென்ற பையன்களில் சிலர் அன்று மாலையே லயன் குடியிருப்புகளுக்குப் பின்னாலுள்ள மைதானத்தில், பாக்கும் புகையிலையும் கலந்த மாவாவை உதட்டுக்குள் ஒதுக்கிக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன். எட்டாம், ஒன்பதாம் தரத்துப் பிள்ளைகள் அவர்கள். வீதியோரக் கடையொன்றில் சிறிய பொலித்தீன் முடிச்சாகக் கட்டி விற்கிறார்கள். இவர்களை விட மூத்தவர்கள் கொழும்பில் கடை வேலைக்குச் சென்று, தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் ஊர் திரும்பும்போது சட்டைப் பையில் ஏதேதோ மாத்திரைகளையும் கொண்டு வருவதாகக் கேள்விப்படுகிறேன்.

பிள்ளைகள் காதைப் பொத்திக்கொள்ளாமல் கேட்கும்படி இதைப் பேசுவது எப்படி? ஏற்கெனவே தொடங்கிவிட்ட பையனை எப்படி அணுகுவது? அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

பதில் 1: உளவளத்துணையாளர், பண்டாரவளை

வணக்கம் சகோதரரே. உங்கள் மனம் ஒப்பாததற்கு வலுவான காரணம் இருக்கிறது. ஐக்கிய நாடுகள் சபையின் போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகம் 2013இல் வெளியிட்டு 2018இல் திருத்திய சர்வதேசத் தடுப்பு நியமங்களில், பயமுறுத்துவதையும் வெறும் தகவல் சொல்வதையும் மட்டுமே நம்பி நடத்தப்படும் நிகழ்ச்சிகளால் பயனில்லை என்று தெளிவாகக் கூறப்பட்டிருக்கிறது. அமெரிக்கப் பாடசாலைகளில் 1983 முதல் பொலிஸ் அதிகாரிகளைக் கொண்டு பெரும் செலவில் நடத்தப்பட்ட பாடத்திட்டமும், ஆராய்ந்து பார்த்தபோது பிள்ளைகளின் பழக்கத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதையும் ஏற்படுத்தியிருக்கவில்லை. மண்டையோட்டைப் பார்க்கும் பையன், அதே பொருளைப் பாவித்துவிட்டு நேற்று நன்றாகக் கிரிக்கெட் விளையாடிய தன் நண்பனையும் பார்க்கிறான். அப்போது அவன் பதாகையை நம்ப மாட்டான், நண்பனைத்தான் நம்புவான்.

என் கவலை மண்டையோட்டை விட அந்த வாசகத்தைப் பற்றியதுதான். மலையக இளைஞர் சமுதாயமே போதையில் மூழ்கிவிட்டது என்று நாம் எழுதும்போது, எதையும் தொட்டுப் பாராத பிள்ளைக்கு என்ன சொல்கிறோம் என்று சிந்தித்துப் பாருங்கள். எல்லோரும் பாவிக்கிறார்கள், நீ மட்டும்தான் விலகி நிற்கிறாய் என்றல்லவா சொல்கிறோம்? பிள்ளைகளுக்குத் தங்கள் வயதினரிலிருந்து தனித்துப் போவதை விடப் பெரிய அச்சம் வேறில்லை. தம் வயதினரில் எத்தனை பேர் பாவிக்கிறார்கள் என்று கேட்டால், உள்ளதை விட அதிகமாகவே பிள்ளைகள் மதிப்பிடுவார்கள் என்பது பல நாடுகளில் கண்டறியப்பட்ட உண்மை. ஆகவே உங்கள் டிவிசனிலுள்ள பிள்ளைகளிடம் பெயரெழுதாத துண்டுச் சீட்டில் பதில் வாங்கி, "எங்களில் பெரும்பாலானோர் இதைத் தொடுவதில்லை" என்ற செய்தியை அவர்களுடைய எண்ணிக்கையைக் கொண்டே அவர்களுக்குக் காட்டுங்கள். எண்ணிக்கை அப்படி அமையாவிட்டால் அதைப் பிள்ளைகள் முன் வாசிக்க வேண்டாம், பெரியவர்களின் கூட்டத்துக்குக் கொண்டு செல்லுங்கள்.

இன்னொன்று. ஐம்பது வயதில் வரப்போகும் நோயைப் பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் சொன்னால் அது செவிடன் காதில் ஊதிய சங்காகவே முடியும். அந்த வயதில், பின்விளைவைச் சீர்தூக்கிப் பார்க்கும் முன்மூளைப் பகுதி வளர்ந்து முடிந்திருக்காது. அது முதிர்ச்சியடைய இருபது வயதின் நடுப்பகுதி வரை செல்லும். எனவே இன்றைக்கே கண்ணால் காணக்கூடியதைக் காட்டுங்கள். மாவாவில் இருப்பது பாக்கு, புகையிலை, சுண்ணாம்பு. பாக்கு தனியாகவே மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட ஆய்வறிக்கையில் கூறியது. ஆனால் புற்றுநோய்க்கு வெகு முன்பே கன்னத்தின் உட்புறத் தோல் வெளிறி இறுகத் தொடங்கும், காரம் பட்டால் எரியும், வாயை அகலத் திறக்க முடியாமல் போகும். நான் பிள்ளைகளிடம் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வாய்க்குள் நிமிர்த்தி வைக்கச் சொல்வேன். பொதுவாக எல்லோருக்கும் அது இலகுவாகவே முடியும். முடியாத பையன் ஒருவன் வகுப்பில் இருந்தால், நான் ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டியதில்லை. அவனை மற்றவர்கள் முன் கேள்வி கேட்காமல், பிறகு தனியே பல் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். அந்த இறுக்கம் முழுமையாகப் பழைய நிலைக்குத் திரும்பாது என்றாலும், அன்றே நிறுத்தினால் மேலும் கூடாமல் தடுக்கலாம்.

பேச்சை விட வேலை செய்வது வேறொன்று. ஐஸ்லாந்தில் 1998இல் 15, 16 வயது மாணவர்களில் நூற்றுக்கு 42 பேர் முந்திய ஒரு மாதத்துக்குள் மதுபோதை அடைந்திருந்தார்கள். 2016இல் அந்த எண்ணிக்கை 5 ஆகக் குறைந்தது. பிள்ளைகளுக்கு விளையாட்டும் இசையும் நாட்டியமும் பயிற்றுநரோடு ஒழுங்காகக் கிடைக்கச் செய்தார்கள், பெற்றோர் பிள்ளைகளுடன் செலவிடும் நேரத்தைக் கூட்டினார்கள், இரவில் வெளியே திரியும் நேரத்தைக் கட்டுப்படுத்தினார்கள். அவர்களிடம் இருந்த பணம் நம் தோட்டங்களில் இல்லைதான். ஆனால் பாடசாலை விட்டதிலிருந்து தாய் கொழுந்து நிறுத்துவிட்டு வீடு திரும்பும் வரையுள்ள அந்த மாலை நேரத்தை நிரப்ப, ஒரு கரப்பந்தாட்ட வலையும் பொறுப்பான ஓர் அண்ணனும் போதும். மலையகத்தில் ஆடப்படும் காமன் கூத்துக்கு ஆட்களைப் பழக்கும் பெரியவர்கள் உங்கள் தோட்டத்தில் இருந்தால், பிள்ளைகளையும் அதில் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பதில் 2: முன்பள்ளி ஆசிரியை, தலவாக்கலை

தம்பி, உங்கள் அக்கறைக்கு நன்றி. ஆசிரியர் ஐயாவும் வைத்தியரும் சொல்லக்கூடியதை நான் சொல்ல வரவில்லை. பிள்ளையைத் திருத்த வேண்டும் என்று கூட்டம் போடும் நாம், வீட்டில் அவன் கண்முன்னே என்ன செய்கிறோம் என்பதையும் அந்தக் கூட்டத்திலேயே பேச வேண்டும் என்று கேட்கிறேன்.

என் தாயார் மலையில் கொழுந்து பறித்தவர். குளிரையும் பசியையும் தாங்குவதற்காக வெற்றிலையில் பாக்கும் புகையிலையும் வைத்து மென்றுகொண்டே பறிப்பார், பக்கத்து நிரையில் இருந்தவர்களும் அப்படித்தான். அந்தப் பொட்டலத்தைக் கடையில் வாங்கி வந்து கொடுத்தது பிள்ளைகளாகிய நாங்கள்தான். இன்று அதே பாக்கும் புகையிலையும் பொலித்தீன் முடிச்சில் வரும்போது அது பையனுக்குப் புதிய பொருளாகத் தெரியவே தெரியாது. சம்பள நாளில் தவறணையிலிருந்து போத்தலை வாங்கி வரும்படி மகனிடம் பணம் கொடுத்து அனுப்பும் தகப்பன்மார் இப்போதும் இருக்கிறார்கள். கலியாண வீட்டிலும் சாவு வீட்டிலும் திருவிழாவிலும் போத்தல் இல்லாவிட்டால் மரியாதைக் குறைவு என்று நினைக்கிறார்கள். 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலையோ மதுவோ விற்பது 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின்படி குற்றம் என்பது எங்கள் தோட்டத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பெண்பிள்ளைகளை நிகழ்ச்சியில் பின்வரிசையில் உட்கார வைத்துவிடாதீர்கள். குடித்துவிட்டு வரும் அண்ணனுக்குப் பயந்து, விளக்கை அணைத்துவிட்டுப் பாடப் புத்தகத்தோடு அயல் லயன் காம்பராவுக்குப் போய்ப் படிக்கும் பிள்ளையை எனக்குத் தெரியும். அவளுக்கும் சொல்ல நிறைய இருக்கிறது.

தோளுக்கு மேல் வளர்ந்தால் தோழன் என்பார்கள். வளர்ந்த மகனைத் தோழனாக நடத்தும் தகப்பன், தான் ஏன் குடிக்கத் தொடங்கினேன் என்பதையும் அதனால் வீட்டில் எது இல்லாமல் போனது என்பதையும் மறைக்காமல் அவனிடம் சொல்லட்டும். அதிகாரி ஒருவரின் உரையை விட அது ஆழமாகப் பதியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பதில் 3: மஸ்கெலியாவைச் சேர்ந்தவன், இப்போது கொழும்பில்

வணக்கம் அண்ணா. தூள் (ஹெரோயின்) பாவித்து, அதிலிருந்து மீண்டு, இப்போது வேலை செய்து வாழ்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். என்னைப் போன்ற ஒருவரை மேடையேற்றிக் கதை சொல்ல வைக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லுங்கள். எங்கள் ஊரில் அப்படி ஒருவர் பேசியபோது, எவ்வளவு பாவித்தாலும் இவரைப் போலப் பின்னர் விட்டுவிடலாம் என்றே என் பக்கத்தில் இருந்தவன் சொன்னான். நானும் அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

சாதாரண தரப் பரீட்சை முடிந்த கையோடு கொழும்பு புறக்கோட்டையில் ஒரு கடைக்கு வந்தேன். காலையிலிருந்து இரவு கடை மூடும் வரை நின்றபடியே வேலை. இரவில் கடைக்கு மேலே ஒரே அறையில் பலர் படுப்போம். கால் வலிக்கிறது என்று சொன்ன ஓர் இரவில், கூட இருந்தவன் அன்போடுதான் அதை நீட்டினான். வில்லனைப் போல யாரும் வந்து நிற்கவில்லை. தெரியாதவன் தருவான், அவனிடம் வாங்காதே என்று மட்டும் எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். நண்பன், அதுவும் ஊரிலிருந்து வந்தவன், களைப்புக்கு மருந்து என்று சொல்லித் தரும்போது முகத்தை முறிக்காமல் மறுப்பது எப்படி என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை.

எனவே அண்ணா, பரீட்சை எழுதிவிட்டுக் கொழும்புக்குப் புறப்படும் பிள்ளைகளை, அவர்கள் பஸ் ஏறுவதற்கு முன் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுங்கள். கேட்பவர் எதைச் சொல்லிக் கேட்பார், தாங்கள் என்ன பதில் சொல்லலாம் என்று அவர்களையே நடித்துப் பார்க்கச் செய்யுங்கள். "எனக்கு ஒத்துக்கொள்ளாது, வாந்தி வரும்" என்ற ஒரு சாதாரணப் பதில் வாயில் தயாராக இருந்திருந்தால் எனக்கு அன்று போதுமாக இருந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் அழைத்து, சம்பளம் வந்ததா என்று கேட்பதற்கு முன் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்கும் ஒருவர் ஊரில் இருக்க வேண்டும். என் தாய்மாமன் அப்படிக் கேட்டார். பணம் திருடியது தெரிந்த பிறகும் கேட்டார். வைத்தியசாலைக்குப் போவோம் என்று அவர் அழைத்தபோது நான் போனதற்குக் காரணம் அதுதான்.

பதில் 4: மருத்துவ உத்தியோகத்தர், நுவரெலியா மாவட்டம்

ஏற்கெனவே தொடங்கிவிட்டவர்களைப் பற்றிச் சகோதரர் கேட்ட கேள்விக்கு மட்டும் சுருக்கமாகப் பதில் எழுதுகிறேன்.

அறையில் பூட்டி வைத்தால் சில நாட்களில் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை நம் மக்களிடம் பரவலாக இருக்கிறது. அது ஆபத்தானது. நீண்ட காலம் நிறையக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாட்களில் வலிப்பும் சித்தப்பிரமையும் வந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். ஊருக்கு வருவதாக நீங்கள் குறிப்பிடும் மாத்திரைகள் பெரும்பாலும் பிரிகாபலின் வகையாக இருக்கக்கூடும். நரம்பு வலிக்கும் வலிப்பு நோய்க்கும் வைத்தியர் எழுதிக்கொடுக்கும் மருந்து அது. மதுவோடோ ஹெரோயினோடோ சேர்த்தால் மூச்சை அடக்கிவிடும், பழகிய பின் சட்டென நிறுத்தினாலும் வலிப்பு வரலாம். ஹெரோயினை நிறுத்தியவருக்கு உடல்வலியும் வாந்தியும் வயிற்றோட்டமும் முதல் மூன்று நாட்களில் உச்சமடைந்து ஏறத்தாழ ஒரு வாரத்தில் தணியும், ஆனால் ஏக்கம் அதன் பின்னும் மாதக்கணக்கில் இருக்கும். இடையில் சில வாரம் விட்டிருந்தவர் பழைய அளவையே மீண்டும் எடுத்தால் உடல் அதைத் தாங்காது. மரணங்கள் பல அப்படித்தான் நிகழ்கின்றன. இதைக் குடும்பத்தார் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 40 முதல் 60 பேர் வரை ஒரு கட்டத்தில் மீண்டும் பாவிக்கிறார்கள். இரத்த அழுத்தத்துக்கும் ஆஸ்துமாவுக்கும் சிகிச்சை பெறுபவர்களிடமும் இத்தகைய பின்னடைவு இருக்கிறது, அவர்களை நாம் வீட்டை விட்டுத் துரத்துவதில்லை.

முதலில் அருகிலுள்ள ஆதார வைத்தியசாலையின் மனநலக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். 1984இல் நிறுவப்பட்ட தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை கண்டியிலும் சிகிச்சை நிலையம் நடத்துகிறது. அதன் உதவி இலக்கம் 1927, தேசிய மனநல உதவி இலக்கம் 1926. நீதிமன்ற உத்தரவின் பேரில் கட்டாய சிகிச்சைக்கு அனுப்ப 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தில் வழியுண்டு என்றாலும், தானாக முன்வருபவரை அந்த வழிக்குத் தள்ள வேண்டிய தேவை எதுவும் இல்லை.

கேள்வி கேட்டவரின் மறுமொழி: வாசிகசாலைப் பொறுப்பாளர், ஹட்டன்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. உங்கள் பதில்களைப் பிரதியெடுத்துச் சங்கக் கூட்டத்தில் வாசித்தேன். பதாகை வாசகத்தை நீக்க மூத்தவர்கள் சம்மதித்துவிட்டார்கள். பொலிஸ் அதிகாரியைப் பிள்ளைகளின் முன் பேச அழைப்பதற்குப் பதிலாக, பொதுச் சுகாதாரப் பரிசோதகரோடு சேர்த்து, கடைக்காரர்களுடனும் தோட்ட நிர்வாகத்துடனும் நடக்கும் வேறொரு கூட்டத்துக்கு அழைப்பதென்று முடிவாகியது. மாவா விற்கும் கடையைப் பற்றி அங்கேயே பேசுவோம்.

ஊர்வலத்தை மட்டும் அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. அது நடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கொழும்புக்குப் புறப்படும் பிள்ளைகளைச் சந்திப்பதைப் பரீட்சை முடியும் வாரத்தில் வைத்திருக்கிறோம். மஸ்கெலியாத் தம்பிக்கு: மேடை வேண்டாம் என்றீர்கள், அதை மதிக்கிறேன். ஆனால் அந்தப் பிள்ளைகள் நடித்துப் பழகுவதற்கு, கடை அறையில் எப்படியெல்லாம் கேட்பார்கள் என்பதை உங்கள் பெயரில்லாமல் எழுதி அனுப்பினால் எங்களுக்குப் பேருதவியாக இருக்கும்.