கணவன் கிட்னி மனைவிக்குச் சேராமல் போன கதை

எனக்கும் வீட்டம்மாவுக்கும் ஒரே ரத்தப் பிரிவு, ஓ பாசிட்டிவ். அதனால் யோசிக்காமல் என் கிட்னியைத் தருவதாகச் சொல்லி, ஆபீசில் லீவுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன். அப்புறம் கிராஸ்மேட்ச் முடிவு வந்தது (என் செல்களையும் அவள் ரத்தத்தையும் கலந்து, சண்டை வருகிறதா என்று பார்க்கும் சோதனை), பாசிட்டிவ். நல்ல செய்தி என்று நினைத்துச் சிரித்தேன். மாற்று அறுவைக்கான ஏற்பாடுகளைப் பார்க்கும் கோஆர்டினேட்டர் அம்மா என்னை உட்காரச் சொன்னார்.

என் திசுவுக்கு எதிரான ஆன்டிபாடி, அதாவது அந்நியத்தைத் தாக்கும் எதிர்ப்புப் புரதம், அவள் ரத்தத்தில் ஏற்கெனவே இருக்கிறதாம். மீறி வைத்தால் சில நிமிடங்களிலேயே கிட்னி கறுத்துப் போகலாமாம். அவள் உடம்பு என் திசுவை எங்கே பார்த்தது என்று கேட்டேன். "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க சார்?" என்றார் டாக்டர். மூன்று. பிள்ளையின் திசு அடையாளத்தில், அதாவது ஹெச்.எல்.ஏ.வில், பாதி அப்பாவுடையது. பிரசவத்தின்போது பிள்ளையின் செல்கள் கொஞ்சம் தாயின் ரத்தத்தில் கலக்கும், சில பெண்களுக்கு உடம்பு அதை அந்நியம் என்று குறித்து வைத்துக்கொள்ளும். கடைசிப் பிள்ளைக்கு இப்போது 19 வயது, இன்னும் மறக்கவில்லை! டயாலிசிஸ் நேரத்தில் ஏற்றிய ரத்தமும் சேர்ந்து தூண்டியிருக்கலாம் என்றார்.

பிளாஸ்மாபெரிசிஸ் செய்து, அதாவது ரத்தத்தின் பிளாஸ்மாவைப் பிரித்து நீக்கி, ஆன்டிபாடியை எடுக்கலாம், ஆனால் அதைச் சுரக்கும் செல்கள் எலும்பு மஜ்ஜையில் உட்கார்ந்திருக்கின்றன, மறுபடி சுரக்கும். கடைசியில் இன்னொரு தம்பதியோடு மாற்றிக்கொண்டோம், அந்த மனைவியின் கிட்னி இவளுக்கு, என்னுடையது அந்தக் கணவருக்கு. 2011 சட்டத் திருத்தத்தில் இதற்கு இடம் இருக்கிறது, ஆனால் கையெழுத்து வாங்க அலைந்த அலைச்சல் தனிக் கதை.

பதில்: அண்ணா, நான் இரண்டாவது கிட்னிக்குக் காத்திருப்பவன். அம்மா கொடுத்தது 11 வருஷம் ஓடியது. இப்போது அக்கா தர வந்தாள், கிராஸ்மேட்சில் நின்றுவிட்டது. அம்மாவிடமிருந்து எனக்கு வராத பாதி அவளுக்கு வந்திருக்கிறது, என் உடம்பு அந்தப் பாதியைத்தான் 11 வருஷமாகப் பார்த்துப் பழகி, பகைத்தும் வைத்திருக்கிறது. 1943-லேயே கிளாஸ்கோவில் டாக்டர் கிப்சனும் விஞ்ஞானி மெடாவரும் தீக்காயம் பட்ட ஒரு பெண்ணுக்கு அவள் சகோதரனின் தோலை இரண்டு தடவை வைத்துப் பார்த்து, இரண்டாவது முறை சீக்கிரமாகவே அழிந்ததை எழுதியிருக்கிறார்கள். கிட்னியை உடம்பு நிராகரிக்காமல் இருக்கத் தரும் டாக்ரோலிமஸ் மாத்திரை புதுச் சண்டையை அடக்குகிற அளவுக்குப் பழைய பகையை அடக்குவதில்லை. தமிழக அரசின் உறுப்பு மாற்று ஆணையமான டிரான்ஸ்டான் பட்டியலில் பெயர் இருக்கிறது, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ரத்தம் ஏற்றலாமா என்று யாராவது கேட்டால் மட்டும் இப்போது பதறிப்போய், ரத்தம் ஊறப் போடும் ஊசி மருந்தே போதும் என்கிறேன்.