பெட் சிடியில் தோள் மூட்டு ஒளிர்கிறது: ஃப்ரோசன் ஷோல்டரா (மூட்டுறை இறுகிய தோள்), புற்றுநோய்ப் பரவலா?

பிசியோ_பெஞ்ச்:
54 வயதுப் பெண். இடது மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை, அக்குள் நிணநீர் முடிச்சு நீக்கம், ரேடியேஷன் எல்லாம் முடிந்தது. ஆறு மாதமாக இடது தோள் இறுக்கம். முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து நாமே திருப்பினாலும் கை வெளிப்பக்கம் 15 டிகிரிக்கு மேல் போகவில்லை. எக்ஸ்ரே நார்மல். பெட் சிடி ரிப்போர்ட்டில் "இடது தோள் மூட்டில் எஃப்டிஜி அப்டேக் கூடுதல்" என்று ஒரே வரி; அதாவது ஸ்கேனுக்காக ஏற்றிய கதிரியக்கச் சர்க்கரையை அந்த இடம் அதிகம் உறிஞ்சியிருக்கிறது. வீட்டில் எல்லோரும் கலங்கிப்போயிருக்கிறார்கள். பயிற்சியைத் தொடரலாமா?

ஃபிலிம்_லைட்பாக்ஸ்:
அந்த ஒரு வரி போதாது, படத்தையே வாங்கிப் பாருங்கள். ஃப்ரோசன் ஷோல்டரில் அழற்சி மூட்டுறையில்தான். அதனால் ஒளிர்வு மூட்டைச் சுற்றிப் பட்டையாக ஓடும். முன்பக்கம் ரொட்டேட்டர் இன்டர்வெல்லிலும் (தோளைச் சுழற்றும் தசைநாண்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி), கீழே உறை மடியும் இடத்திலும் தூக்கலாக இருக்கும். பரவல் என்றால் ஹியூமரஸ் (மேற்கை எலும்பு) தலைக்குள்ளோ ஸ்காபுலாவிலோ (தோள்பட்டை எலும்பு) பொட்டாக உட்காரும். எஸ்யூவி எண்ணை (ஒளிர்வின் அளவு) வைத்து முடிவு கட்டாதீர்கள், வெறும் அழற்சியிலும் அது ஏறும். சிடியில் எலும்பு சுத்தமாகத் தெரிந்தாலும் ஆரம்ப மஜ்ஜைப் பரவல் ஒளிந்திருக்கலாம்.

சந்தேகம் தீராவிட்டால் எம்ஆர்ஐ. கொரகோஹியூமரல் லிகமென்ட் (தோளின் முன்பக்கத் தசைநார்) 4 மி.மீ. தாண்டித் தடித்து, கொரகாய்டுக்குக் (தோள்பட்டை எலும்பின் முன் நீட்சி) கீழுள்ள கொழுப்பு முக்கோணம் மங்கியிருந்தால் ஃப்ரோசன் ஷோல்டர் பக்கம் சாயலாம். டி1 என்ற வகை எம்ஆர்ஐ படத்தில் மஜ்ஜைக்குள் தசையைவிடக் கறுத்த திட்டு இருந்தால் ஆன்காலஜிஸ்டிடம் உடனே பேசுங்கள்.

ட்ரேசர்_கவுன்ட்டர்:
கையைத் தலைக்கு மேல் வைத்தா எடுத்தார்கள்? தூக்க முடியாதவர் நடுவில் கையை நகர்த்திவிடுவார். பெட்டும் சிடியும் விலகி, உறையின் ஒளிர்வு எலும்பின் மேல் விழும். அடுத்த முறை கையை இறக்கியே எடுக்கச் சொல்லுங்கள். மார்புப் படத்தில் கொஞ்சம் கோடு விழும், பரவாயில்லை. ட்ரேசர் (அந்தக் கதிரியக்கச் சர்க்கரை) ஊசி வலது கையில் போகட்டும்.

இன்னொன்று: தோளில் ஸ்டீராய்டு ஊசி போட்டால் சர்க்கரைக்காரர்களுக்குச் சில நாள் சர்க்கரை எகிறும். 200-ஐத் தாண்டினால் பல சென்டர்களில் ஸ்கேனைத் தள்ளிவைப்பார்கள். முதலில் ஸ்கேன், பிறகு ஊசி.

கோனியோமீட்டர்:
ரேடியேஷனுக்குப் பிறகு பெக்டோரல் (மார்புத்) தசை இறுகியும் இப்படித் தோன்றும். ஆனால் அதில் பெரும்பாலும் கையைப் பக்கவாட்டில் தூக்கித் திருப்பும்போதுதான் பிடிக்கும். இவருக்கு விலாவோடு ஒட்டிவைத்தே பூட்டிக்கொள்வதால் உறை மேல்தான் சந்தேகம்.

எலும்பு சுத்தம் என்று உறுதியாகும் வரை அழுத்தி இழுக்கும் மொபிலைசேஷன் வேண்டவே வேண்டாம்; பரவிய எலும்பென்றால் முறியும். வலி ஏறாத அளவுக்குக் கையைத் தொங்கவிட்டு மெல்ல ஆட்டும் ஊசலாட்டம் போதும். வலி சுண்டுவிரல் வரை ஓடுகிறதா, அந்தப் பக்க இமை தொங்குகிறதா என்றும் பாருங்கள். அப்படியிருந்தால் தோளை விட்டுவிட்டு நுரையீரல் உச்சியையும் பிரேக்கியல் பிளெக்ஸஸையும் (கைக்குப் போகும் நரம்புப் பின்னல்) தேட வேண்டும்.